சார்ஜ் முள்

சேசு மரி சூசை

சூசையபுரம்
12-7-1959

தங்கச்சி புஷ்பமேரிக்கு அண்ணன் யாக்கோபு எழுதுவது.

பதினோரு மாதமாக நான் உனக்கு எழுதவில்லை. இப்போதும் எழுதுகிற எண்ணம் எனக்கு இல்லை. உன் மதினி மிக்கேலம்மாள் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் காகிதத்தையும் பேனாவையும் வைத்துவிட்டு, எழுதினால்தான் குழம்பு ஊற்றுவேன் என்று நிற்கிறாள்.

உன்னைக் கட்டிக் கொடுப்பதாகக் காரங்காட்டு சந்தியாகு வீட்டுக்கு நான் வாக்குக் கொடுத்த பிறகு, மதுரையில் காலேஜ் வேலை என்று நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதை நான் மறக்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும். இது வேறு சங்கதி.

டிராக்டர் சார்ஜ் ஏற மாட்டேன் என்கிறது. சித்திரையிலிருந்து இந்தத் தொல்லை. பேட்டரியை ராமநாதபுரம் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வந்து மாட்டினால் மூன்று நாள் ஓடுகிறது. மூன்றாம் நாள் நடு வயலில் நின்றுவிடுகிறது. மறுபடி பேட்டரியைச் சாக்கில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிறேன். போன வாரம் ஆசிட் சிந்தி ஒரு வாத்தியார் வேட்டியில் ஓட்டை விழுந்தது. கண்டக்டர் என்னைக் கண்டாலே விசில் ஊதி வண்டியை எடுக்கச் சொல்கிறான்.

போன வருஷம் வைக்கோல் இல்லாத பஞ்சத்தில் நான் செவலையையும் மயிலையையும் விற்று இந்தப் பழைய வண்டியை வாங்கியது உனக்குத் தெரியும். என்னை நம்பி இந்த ஊரில் எட்டு வீட்டுக்காரர்கள் தங்கள் மாடுகளையும் விற்றுவிட்டார்கள். "யாக்கோபு வண்டி இருக்குல்ல, உழுதுக்கிருவோம்" என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது எட்டு வீட்டிலும் தொழுவம் காலி. புரட்டாசி மழைக்கு முன்னால் புழுதி உழுது விதைக்காவிட்டால் இந்த வருஷம் எட்டு வீட்டுக்கும் நெல் கிடையாது. என் வீட்டோடு ஒன்பது.

நீ நாலு வருஷம் கரண்டைப் பற்றித்தான் படித்தாய் என்று மிக்கேலம்மாள் சொல்கிறாள். படித்தது உண்மையானால் ஏன் சார்ஜ் ஏறவில்லை என்று சொல்லு. தெரியாவிட்டால் தெரியாது என்று ஒரு கார்டு போடு. கமுதிப் பருத்தி வியாபாரி ஒருவர் வண்டியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

யாக்கோபு


மதுரை
17-7-1959

அன்பு அண்ணனுக்கு,

கவரின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் ஹாஸ்டல் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே திட்டுத்தான் இருக்கும் என்று தெரியும். இருந்தாலும் சந்தோஷமாக இருந்தது. மதினிக்கு என் முத்தங்கள். உங்களுக்கு அன்று குழம்பு கிடைத்ததா என்று எழுதவில்லையே.

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டைனமோவைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதிப் பரீட்சையில் மார்க் வாங்கியிருக்கிறேன். ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. புத்தகத்தில் அது ஒரு காந்தம், நடுவில் ஒரு கம்பிச் சுருள், அவ்வளவுதான். அதனால் நேற்று வகுப்பு முடிந்ததும் ரயிலடிக்கு எதிரே இருக்கும் ஒரு மோட்டார் எலெக்ட்ரிக் கடைக்குப் போனேன். வாசலில் குடையைப் பிடித்தபடி பத்து நிமிஷம் நின்றேன். கடைக்காரர் நாகநாதன் என்னைப் பார்த்துவிட்டு, "கோயில் வசூலா தாயி? போன மாசந்தான குடுத்தோம்" என்றார். டைனமோ பார்க்க வேண்டும் என்றேன். என் குரல் உங்களுக்குத் தெரியும். மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு அவர் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, ஒரு டைனமோவைக் கழற்றி என் முன்னால் பரப்பிவிட்டார். என் சேலையில் கிரீஸ் கறை. வார்டன் விசாரிக்கிறார்.

அண்ணே, எனக்குச் சிலது தெரிய வேண்டும். முதலில் டைனமோவைச் சுற்றுகிற பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அரை விரல் அளவுக்குத்தான் உள்ளே போக வேண்டும். தொளதொளவென்று இருந்தால் அதுதான் காரணம். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் பச்சையாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் துடைத்து வாஸ்லின் தடவுங்கள். டைனமோவுக்குள் இரண்டு கரித்துண்டுகள் இருக்கும். அவை தேய்ந்திருக்கின்றனவா என்று பட்டறையில் கேளுங்கள். முக்கியமாக, இன்ஜின் ஓடும்போது உங்கள் முன்னால் இருக்கும் சார்ஜ் முள் எந்தப் பக்கம் நிற்கிறது? வலப்பக்கம் போனால் பேட்டரிக்குள் கரண்ட் ஏறுகிறது என்று அர்த்தம். இடப்பக்கம் என்றால் இறங்குகிறது.

கடைசியாக ஒன்று. இந்தக் கோளாறு வருவதற்கு முன்னால் வண்டியில் ஏதாவது பழுது பார்த்தீர்களா?

நான் சொல்வது சரியாக இருக்குமா என்று பயமாக இருக்கிறது. வகுப்பிலும் இப்படித்தான். பிள்ளைகளைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்தே பாடம் சொல்கிறேன். பின் வரிசைக்குக் கேட்கவில்லை என்று தலைமைப் பேராசிரியை இரண்டு தடவை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். வருஷக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் பார்ப்பார்கள். இதை மதினியிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் தங்கை,
புஷ்பம்


சூசையபுரம்
26-7-1959

புஷ்பமேரிக்கு,

பெல்ட்டு சரியாக இருக்கிறது. பேட்டரி முனை என் பல்லைவிடச் சுத்தம். கரித்துண்டு புதிதாகப் போட்டு இரண்டு மாதந்தான் ஆகிறது. முள் வலப்பக்கமும் போகவில்லை. நடுவில் நின்று, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

பழுது எதுவும் பார்க்கவில்லை. தை, மாசியில் வேலை கிடையாது. குளிப்பாட்டித் துடைத்துக் கொட்டகையில் நிறுத்தியிருந்தேன். பங்குனிக் கடைசியில் கோடை உழவுக்கு எடுத்தேன். அதற்கப்புறம் இப்படி.

இதில் எனக்குப் பிடிபடாத ஒன்று இருக்கிறது. ராமநாதபுரத்தில் ஹமீது சுல்தான் பாய் பட்டறைக்கு டைனமோவை மூன்று தடவை கழற்றிக்கொண்டு போய்விட்டேன். அவர் அதை மேஜையில் வைத்து முடுக்கி, இரண்டு கம்பி மாட்டிப் பல்பு எரியவைத்துக் காட்டுகிறார். பல்பு கண்ணைப் பறிக்கிறது. "டைனமோ குதிரையா இருக்குய்யா, கொண்டுபோ" என்கிறார். கொண்டுவந்து வண்டியில் மாட்டினால் செத்துப்போகிறது. மூன்றாம் தடவை எனக்குக் கோபம் வந்து, பல்பை எரிய வைக்க எனக்கு உம்ம பட்டறை வேண்டாம், வீட்டில் அரிக்கன் விளக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் நல்ல மனுஷன். டைனமோவைச் சாக்கில் கட்டிக் கொடுத்தார்.

ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கண்ணேறு என்கிறார்கள். உபதேசியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். இந்த வண்டிக்கு உப்புக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை, கமுதிப் பக்கம் போனால் ஓடும் என்று ஒருவர். மாட்டை விற்றவன் கண்ணீர் சும்மா விடாது என்று இன்னொருவர். விற்றதில் ஒருவன் நான்தானே, என் கண்ணீர் என்னையே பிடிக்குமா என்று கேட்டேன்.

சேலையில் கிரீஸ் என்றால் மண்ணெண்ணெய் போட்டுத் துடை. சோப்புப் போட்டால் போகாது.

யாக்கோபு


மதுரை
31-7-1959

அன்பு அண்ணனுக்கு,

மண்ணெண்ணெய்க்குக் கேட்டது. கறை போய்விட்டது. இப்போது வார்டன் அந்த வாசனையை விசாரிக்கிறார்.

பட்டறையில் உயிரோடு இருக்கும் டைனமோ வண்டியில் ஏறியதும் ஏன் சாகிறது என்று நான்கு நாளாக யோசிக்கிறேன். டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி இருக்குமே, கட்-அவுட் பெட்டி, அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது ஒரு கதவு மாதிரி. டைனமோ நன்றாகச் சுற்றும்போது கதவு திறந்து கரண்டை உள்ளே விடும். டைனமோ நின்றால் மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் பேட்டரியில் இருப்பதெல்லாம் திரும்பி ஓடிவிடும். அந்தக் கதவு திறக்காமல் சிக்கியிருக்க வேண்டும்.

ஹமீது சுல்தான் பாயிடம் இரவலாக ஒரு பெட்டி கேட்டு மாட்டிப் பாருங்கள். அவரிடம் நீங்கள் பேசியதற்கு ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

இந்தத் தடவை கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்கிறேன். மாதா திருநாளுக்குள் முள் வலப்பக்கம் சாயும்.

உங்கள் தங்கை,
புஷ்பம்


சூசையபுரம்
16-8-1959

புஷ்பமேரிக்கு,

மாதா திருநாள் நேற்று முடிந்தது. முள் சாயவில்லை.

உன் பேச்சைக் கேட்டு ஹமீது சுல்தான் பாயிடம் போய் நின்றேன். நல்ல வார்த்தை எதுவும் எனக்கு வாயில் வரவில்லை. அவரே புரிந்துகொண்டு புதுப் பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வண்டியை முடுக்கும்போது எட்டு வீட்டுக்காரர்களும் சுற்றி நின்றார்கள். மதுரையிலிருந்து தங்கச்சி எழுதியிருக்கிறாள் என்று மிக்கேலம்மாள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். நான் முள்ளைப் பார்த்தேன். அவர்கள் என் மூஞ்சியைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருத்தராகக் கலைந்துபோனார்கள். திட்டியிருந்தால் தேவலை.

உன் படிப்பு காகிதத்துக்குச் சரி. உன்னைக் குறை சொல்லவில்லை. எட்டாவதோடு நின்ற எனக்கும் இது தெரியவில்லை, பட்டம் வாங்கிய உனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒன்றுதான் என்று சொல்கிறேன்.

கமுதி வியாபாரிக்குச் சரி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். செப்டம்பர் பத்தாம் தேதி வந்து வண்டியை ஓட்டிப் போகிறார். அதற்குள் ஊராருக்கு உழவு மாடு எங்கேயாவது இரவல் கிடைக்குமா என்று உத்தரகோசமங்கைப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். கிடைக்காது. எல்லாரும் ஒரே சமயத்தில்தானே உழுவார்கள்.

உன்னால் ஆகிற உதவி ஒன்று இருக்கிறது. அய்யா காலத்திலிருந்து நம் வீட்டில் மாடு விற்றால் புதுக் கயிறு மாட்டித்தான் அனுப்புவோம். இற்றுப்போன கயிற்றோடு அனுப்ப மாட்டோம். டைனமோவைத் தாங்குகிற போல்ட்டு ஒன்று, கழற்றிக் கழற்றி மாட்டியதில் மரை தேய்ந்துபோய்விட்டது. ராமநாதபுரத்தில் அந்த அளவு இல்லை. மாதிரிக்கு அதையே வாஷரோடு இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். மதுரையில் ஒன்று வாங்கி அனுப்பு. வண்டி போகும்போது முழுசாகப் போகட்டும்.

யாக்கோபு


மதுரை
21-8-1959

அன்பு அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தைக் கடைசி வரை படிக்க வேண்டும். கோபம் வந்தாலும் நடுவில் மடித்து வைக்கக் கூடாது.

கட்-அவுட் பெட்டி என்று நிச்சயமாகச் சொன்னது என் தப்பு. எட்டு வீட்டுக்காரர்கள் கலைந்துபோன இடத்தை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நேற்று அந்தப் போல்ட்டை எடுத்துக்கொண்டு நாகநாதன் கடைக்குக் கிளம்பினேன். வழியில் கையில் உருட்டிக்கொண்டே போனபோது ஒன்றைப் பார்த்தேன். அது நீலமாக இருந்தது. மேலே மட்டுமில்லை. தலைக்கு அடியில், தண்டு முழுக்க, வாஷரின் இரண்டு பக்கமும், தடிப்பாக, பளபளவென்று. மரை தேய்ந்த இடத்தில் மட்டும் இரும்பு தெரிந்தது. உங்கள் வண்டி சாம்பல் நிறம். போன வருஷம் நான் பார்த்தது சாம்பல் நிறம்தான்.

அந்த நீலம் எனக்குத் தெரியும். செவலைக்கு வலது கொம்பு நீலம், இடது கொம்பு சிவப்பு. மயிலைக்கு மாற்றி. மாட்டுப் பொங்கலுக்கு மூன்று நாளைக்கு முன்பே நீங்கள் டப்பாவைக் குலுக்க ஆரம்பிப்பீர்கள்.

கடைக்குப் போகாமல் காலேஜுக்கே திரும்பிவிட்டேன். ஆய்வுக்கூடத்தில் ஒரு சின்னப் பேட்டரியும் முள் மீட்டரும் எடுத்து, நடுவில் அந்த வாஷரை வைத்தேன். முள் அசையவில்லை. பேனாக்கத்தியால் இரண்டு பக்கமும் நீலத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி வைத்தேன். முள் துள்ளி ஓரத்தில் போய் முட்டியது. அண்ணே, தனியாக அந்த அறையில் நின்று நான் கைதட்டினேன்.

விஷயம் இதுதான். உங்கள் வண்டியில் டைனமோவிலிருந்து பேட்டரிக்குக் கரண்ட் ஒரு கம்பி வழியாகப் போகிறது. திரும்பி வருவதற்குக் கம்பி கிடையாது. வண்டியின் இரும்பு உடம்புதான் திரும்பும் வழி. டைனமோ அந்த உடம்பை இரும்போடு இரும்பாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் வர்ணம் இருந்தால் அது சுவர். பட்டறையில் பாய் இரண்டு கம்பியையும் டைனமோ மேலேயே மாட்டுகிறார். அதனால் அங்கே எரிகிறது. வண்டியில் ஏறியதும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுவிடுகிறது. அவர் சொன்னது முழுக்கச் சரி.

நான் சொன்னதை நம்ப வேண்டாம். சோதித்துப் பாருங்கள். சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டி இன்ஜினை மெதுவாக ஓடவிடுங்கள். டைனமோவின் இரண்டு கம்பிகளையும் கழற்றிவிட்டு, அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிடுங்கள். முன் விளக்குப் பல்புக்கு இரண்டு வால் கட்டி, ஒரு வாலை அந்த முனையிலும், மற்றதை டைனமோவின் உடம்பில் சுரண்டிய ஓர் இடத்திலும் வையுங்கள். பல்பு எரியும். பிறகு அந்த இரண்டாம் வாலை மட்டும் எடுத்து வண்டியின் உடம்பில், சுரண்டிய இரும்பில் வையுங்கள். நான் நினைப்பது சரியானால் எரியாது. எரிந்தால் நான் இனி உங்களுக்கு ஒரு யோசனையும் சொல்ல மாட்டேன். வண்டியைக் கமுதிக்கு அனுப்பிவிடுங்கள்.

எரியாவிட்டால், டைனமோ உட்காரும் இடம், அதைத் தாங்கும் பட்டை, போல்ட்டு, வாஷர், கட்-அவுட் பெட்டியின் கால் எல்லாவற்றிலும் இரும்பு இரும்பைத் தொடுகிற இடங்களை மட்டும் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். வெளியில் தெரிகிற வர்ணத்தைத் தொட வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும்.

பழுது பார்த்தீர்களா என்றுதான் உங்களிடம் கேட்டேன். பொங்கலுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கவில்லை. நீங்கள் சரியாகத்தான் பதில் சொன்னீர்கள். பொங்கலுக்கு நான் வீட்டுக்கு வந்திருந்தால், கொட்டகைக்குள் நுழைந்ததுமே பார்த்திருப்பேன்.

புதுப் போல்ட்டும் வாஷரும் இதோடு வருகின்றன. அவற்றுக்கு வர்ணம் அடிக்காதீர்கள்.

உங்கள் தங்கை,
புஷ்பம்


மதுரை
7-9-1959

அன்பு அண்ணனுக்கு,

இரண்டு வாரம் ஆகிவிட்டது. ஒரு கார்டும் இல்லை. வியாழக்கிழமை பத்தாம் தேதி.

நீலத்தைப் பற்றி எழுதியது உங்கள் மனதை நோகச் செய்திருந்தால் மன்னியுங்கள். அதை எழுதாமல் விஷயத்தைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள். பல்பு எரிந்ததா, எரியவில்லையா?

புஷ்பம்


சேசு மரி சூசை

சூசையபுரம்
21-9-1959

பாசமுள்ள தங்கச்சி புஷ்பத்துக்கு அண்ணன் எழுதிக்கொள்வது.

எரியவில்லை.

இரண்டு தடவை எழுதிவிட்டாய், நான் பதில் போடவில்லை. முதலில் வெட்கம், அப்புறம் வேலை. வரிசையாகச் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்ததும் கொட்டகையில் நின்று படித்தேன். நீலம் என்ற இடம் வந்ததும் மடித்துச் சூசையப்பர் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டேன். நடுவில் மடிக்கக் கூடாது என்று நீ எழுதியிருந்தாய். முடியவில்லை. போன மாட்டுப் பொங்கலன்று விடிந்ததும் எழுந்து தொழுவத்துக்குப் போனேன். அங்கே ஒன்றும் இல்லை. மாடத்தில் இரண்டு டப்பாவும் பாதிப் பாதி இருந்தன. ஊரெல்லாம் பீப்பி ஊதுகிற சத்தம். நான் என்ன செய்வேன்? வண்டியில் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றினேன். மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி வெயிலில் காயவைத்து, ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாக மூன்று பூச்சுப் பூசினேன். போல்ட்டு, வாஷர் ஒன்று விடவில்லை. மாட்டுக்குக் குளம்பு முதல் கொம்பு வரை பார்த்துப் பார்த்துச் செய்தவனுக்கு இதில் குறை வைக்க மனசு வரவில்லை. அதுதான் வண்டியைக் கொன்றது என்றால் நான் யார் மூஞ்சியில் முழிப்பது?

மூன்று நாள் நான் கொட்டகைப் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் மிக்கேலம்மாள் படத்தைத் தூசி துடைக்கும்போது கடிதத்தை எடுத்து, எழுத்துக் கூட்டி முழுசும் படித்துவிட்டாள். முன் விளக்குப் பல்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். "உங்க தங்கச்சி பரீட்சை வச்சிருக்கா. எழுதப் போறீகளா, ஓடிப் போகப் போறீகளா?" என்றாள்.

பேட்டரியை மாட்டி இன்ஜினை ஓடவிட்டேன். நீ சொன்ன மாதிரியே வால் கட்டி டைனமோ உடம்பில் வைத்தேன். பல்பு ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. வாலை எடுத்து வண்டி உடம்பில் வைத்தேன். பொட்டு வெளிச்சம் இல்லை. மறுபடி டைனமோ, எரிந்தது. மறுபடி வண்டி, இருட்டு. எரியாத பல்பைப் பார்த்து ஒரு மனுஷன் அத்தனை சந்தோஷப்பட்டது இந்தச் சீமையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஆனால் சுரண்டக் கை வரவில்லை. உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிக்கேலம்மாள் மீன் செதில் சுரண்டுகிற கத்தியை எடுத்து வந்தாள். "வெளிய தெரியுற வர்ணத்தைத் தொட வேண்டாம்னு எழுதியிருக்கா. உள்ளதான. அது உங்களுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்" என்று சொல்லி, கட்-அவுட் பெட்டியின் காலை விறால் மீனைச் சுரண்டுகிற மாதிரி சுரண்டினாள். அப்புறம் நானும் சுரண்டினேன். உன் புதுப் போல்ட்டைப் போட்டு இறுக்கினேன்.

முடுக்கினேன். முள் நடுவிலிருந்து எழுந்து வலப்பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. நான் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மிக்கேலம்மாள்தான் தெருவில் இறங்கிக் கத்தினாள். எட்டு வீட்டுக்காரர்களும் வந்தார்கள், பெண்பிள்ளைகளும் வந்தார்கள். பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகிற மாதிரி வரிசையாக நின்று, ஒவ்வொருவராக ஏறி அந்த முள்ளை மட்டும் பார்த்துவிட்டு இறங்கினார்கள். உபதேசியார் இரண்டு தடவை ஏறினார். தன் தீர்த்தம் தாமதமாக வேலை செய்திருக்கிறது என்று சொன்னார்.

அன்றிலிருந்து பத்தொன்பது நாள் உழுதேன். விடிந்தால் ஏறுவேன், பொழுது சாய்ந்தால் இறங்குவேன். பேட்டரி வண்டியை விட்டு இறங்கவே இல்லை. கண்டக்டர் என்னைத் தேடுகிறானாம்.

பத்தாம் தேதி கமுதி வியாபாரி வந்தார். நான் வடக்கு வயலில் இருந்தேன். வரப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். "விக்கிற வண்டி மாதிரித் தெரியலையே" என்றார். "ஆமா, இல்ல" என்றேன். மோர் குடித்துவிட்டுப் போனார். புதுக் கயிறு மாட்டியாயிற்று, மாடு போகவில்லை.

ஹமீது சுல்தான் பாயிடம் இரவல் பெட்டியைக் கொடுக்கப் போனேன். உன் கடிதத்தையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். "வண்டியை ஒரு நாளாவது இங்கன கொண்டாந்தியா? பொண்ணை மட்டும் மூணு தடவை கூட்டியாந்து நல்லா இருக்கான்னு கேட்ட. மாப்பிள்ளையைக் காட்டவே இல்லையே" என்றார். அப்புறம், "இந்தப் புள்ளை இதைத் தொட்டுப் பாக்காமலா கண்டுபிடிச்சுச்சு?" என்று கேட்டார். ஆமாம், மதுரையில் இருந்துகொண்டே கண்டுபிடித்தாள் என்றேன். இதை நான் எந்தக் குரலில் சொன்னேன் என்று அவரிடம் கேட்டால்தான் தெரியும்.

ஒன்பது வீட்டு வயலும் விதைத்தாயிற்று. விதைத்த மூன்றாம் நாள், போன வெள்ளிக்கிழமை, மழை. மண் வாசனை வீட்டுக்குள் வந்தது. இதை எழுதும்போதும் தூறிக்கொண்டிருக்கிறது.

காரங்காட்டில் சந்தியாகுவைப் பார்த்தேன். ஆடியில் அவனுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது. அவன் சிரித்துக்கொண்டு, "ஒங்க தங்கச்சி டைனமோ பாக்குமாமே. புதுசா ஒரு மீன்பிடி போட்டுக்கு இன்ஜின் வைக்கப் போறேன், கோளாறு வந்தா எழுதிக் கேட்டுச் சொல்லுங்க" என்றான். ஒரு வருஷத்துக்கு மேல் நான் தலை குனிந்து திரிந்தது இவனுக்காகத்தானா என்று இருந்தது.

இரண்டு பேரும் ஒன்றுதான் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அதை அடித்துவிடு.

தைப் பொங்கலுக்கு வண்டிக்கு மறுபடி வர்ணம் அடிப்பேன். அதை விட முடியாது. எந்தெந்த இடத்தில் அடிக்கக் கூடாது என்று நீ வந்து சாக்குக்கட்டியால் கோடு போட்டுக் கொடு. கோட்டுக்கு வெளியே மட்டும் அடிக்கிறேன்.

உன் அண்ணன்,
யாக்கோபு

பின்குறிப்பு: வகுப்பில் உன் குரல் கேட்கவில்லை என்றால் டிராக்டருக்குப் பக்கத்தில் நின்று பேசுவதாக நினைத்துக்கொள். மிக்கேலம்மாள் அப்படித்தான் பழகினாள். இதை அவளிடம் சொல்லாதே.


மதுரை
28-9-1959

அன்பு அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை ஹாஸ்டலில் நான்கு பேருக்குப் படித்துக் காட்டிவிட்டேன். வார்டனுக்கும் படித்தேன். மீன் கத்தி வந்த இடத்தில் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் பாடம் டைனமோ. அந்தப் பழைய போல்ட்டை எடுத்துப் போனேன். மேஜையில் வைத்து, இது ராமநாதபுரம் ஜில்லாவில் ஒன்பது வீட்டு உழவை நிறுத்திவைத்த போல்ட்டு என்று ஆரம்பித்தேன். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. நீலத்தோடு ஒரு முறை, சுரண்டிவிட்டு ஒரு முறை, முள்ளைக் காட்டினேன். பின் வரிசைப் பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறிப் பார்த்தார்கள். பாதியில் கதவு திறந்தது. தலைமைப் பேராசிரியை. அடுத்த அறையில் அவர் வகுப்பு நடத்த முடியவில்லையாம், யார் இப்படிச் சத்தம் போடுவது என்று பார்க்க வந்தாராம். என்னைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் கூப்பிட்டு, அந்தப் போல்ட்டை ஆய்வுக்கூடத்து அலமாரியில் வைக்கலாமா என்று கேட்டார். இது எங்கள் வீட்டுச் சாமான், தர முடியாது என்றேன். ஒரே தடவைதான் சொன்னேன். அவருக்குக் கேட்டது.

உபதேசியாருக்கு என் வணக்கம். ஹமீது சுல்தான் பாய்க்குத் தனியாகக் கார்டு போடுகிறேன். மாப்பிள்ளையைப் பற்றி அவர் சொன்னதை நாகநாதன் ஐயாவிடம் சொன்னேன். டைனமோவை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு சிரித்தார்.

தைக்கு இன்னும் மூன்றரை மாதம் இருக்கிறது. அதுவரை என்னால் காத்திருக்க முடியாது. அடுத்த மாதம் பத்தாம் தேதி சனிக்கிழமை லீவு விடுகிறார்கள். ஒரு பெட்டி சாக்குக்கட்டி எடுத்து வைத்துவிட்டேன். வர்ணம் அடிக்க நாள் இருந்தாலும் கோட்டை இப்போதே போட்டுவிடலாம். நெல் முளைத்திருப்பதையும் பார்க்க வேண்டும். முள் வலப்பக்கம் படுத்திருப்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும். ஊரில் எல்லாரும் ஏறிப் பார்த்துவிட்டார்கள், நான் மட்டும்தான் பார்க்கவில்லை.

பஸ்ஸுக்கு நீங்கள் வர வேண்டாம், அந்தக் கண்டக்டர் வண்டியை நிறுத்தாமல் போய்விடப் போகிறார். மதினியை அனுப்புங்கள்.

அண்ணே, நான் வாரேன்.

புஷ்பம்